கலவைக் கணக்கில் இரண்டு சமன்பாடுகள் எங்கிருந்து வருகின்றன?

திருகோணமலைக் கடல்நீரில் 3.5%, உப்பளச் செறிநீரில் 21% உப்பு இருப்பதாகக் கொண்டு, 7% உப்புள்ள கரைசல் 10 கிலோகிராம் பெற இரண்டிலும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

கடல்நீரை க, செறிநீரை உ எனக் கொண்டால், மொத்தத் திணிவிலிருந்து க + உ = 10 கிடைக்கும். பலர் தவறவிடும் இரண்டாவது சமன்பாடு உப்பை மட்டும் எண்ணுகிறது: கலக்கும்போது உப்பு கூடுவதோ குறைவதோ இல்லையாதலால், 0.035க + 0.21உ = 0.7. சதவீதங்களை நேரடியாகக் கூட்டவே கூடாது. அவை எந்தத் திணிவுக்குரியவையோ அதனால் பெருக்கிய பின்னரே கூட்டலாம்.

முதற்சமன்பாட்டை 0.035 ஆல் பெருக்கிக் கழித்தால் 0.175உ = 0.35; எனவே உ = 2, க = 8. உப்பைச் சரிபார்த்தால் 0.28 + 0.42 = 0.7.

லீற்றரில் கணக்கிடுவதைத் தவிர்ப்பது நல்லது. கரைசல்களின் கனவளவுகள் எப்போதும் துல்லியமாகக் கூடுவதில்லை, திணிவு கூடும்.