அடுத்துப் படிக்க வேண்டிய புத்தகத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

'படித்தே ஆக வேண்டிய 100 நூல்கள்' மாதிரிப் பட்டியல்களை நம்பிச் சூடு பட்டவன் நான். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும்.

அப்படி ஒரு பட்டியலைப் பார்த்துத் தலையணை மாதிரி நாவல் ஒன்றை வாங்கினேன். 112ஆம் பக்கத்தில் அடையாளத்துக்குச் செருகிய பேருந்துச் சீட்டு, ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது. எடுத்ததை முடிக்காமல் வேறொன்றைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன். விளைவு, அந்த ஐந்து மாதமும் கைப்பேசியைத்தான் படித்தேன்.

இப்போதெல்லாம் கையில் இருக்கும் புத்தகத்திடமே வழி கேட்கிறேன். கட்டுரை நூல் என்றால் முதலில் அடிக்குறிப்புகளையும் துணைநூற்பட்டியலையும் புரட்டிவிடுவேன். ஆசிரியர் மரியாதைக்குப் பெயர் சொல்லிவிட்டு நகரும் நூல்கள் எனக்கு வேண்டாம். எந்த நூலோடு நாலு இடத்தில் வம்பிழுத்துச் சண்டை போடுகிறாரோ, அந்த நூலைத்தான் தேடிப் போவேன்.

இன்னொரு வழி, நூலகத்தில் அக்கம்பக்கம் மேய்வது. அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் ஒரே எண்ணில் சேர்ந்து நிற்கும். பறவைகளுக்கு 598. அந்த எண்ணைத் தேடிப் போன ஒரு நாள், கொஞ்சம் முன்னாலேயே 595.7இல், பூச்சிகளிடம் மாட்டிக்கொண்டேன். எறும்புகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை நின்றபடியே இருபது பக்கம் படித்து, கால் மரத்த பிறகுதான் பறவை ஞாபகம் வந்தது. இணையத் தேடலில் இது நடக்காது. அங்கே கேட்டது மட்டும்தான் வரும்.

எடுக்கும் முன் நடுவில் ஒரு பக்கம் படித்துப் பார்ப்பேன். முதல் பக்கத்தை எல்லோரும் இழைத்து இழைத்துத்தான் எழுதுகிறார்கள், அதை நம்ப முடியாது. ஐம்பது பக்கம் தாண்டியும் ஒட்டவில்லை என்றால் மூடிவிடுவேன். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவர் நூலகங்களுக்குச் சொன்னதை நான் எனக்குச் சாதகமாக வளைத்துக்கொண்டேன்.

அந்தத் தலையணை நாவலை ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். நான்கே நாளில் திருப்பிக் கொண்டுவந்து, "இதே ஆள் வேற என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டார். பேருந்துச் சீட்டு இன்னும் உள்ளேயேதான் இருந்தது.