கெஸ்ட் வைஃபையிலும் வீட்டு பிரிண்டர் தெரிகிறது என்றால்

கெஸ்ட் வைஃபையில் சேர்ந்தவருக்கும் வீட்டு பிரிண்டர் தெரிகிறது, என்ன செய்வது என்று கேட்டீர்கள். ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடிலிருந்து (வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) ரௌட்டர் மோடுக்கு (தானே தனி நெட்வொர்க் நடத்தும் நிலை) மாற்றுங்கள், இல்லையென்றால் கெஸ்ட் வைஃபையை இன்டர்நெட் கம்பெனி மாட்டிய ஃபைபர் பெட்டியிலேயே ஆன் செய்யுங்கள். கெஸ்டில் சேர்ந்தவர் போனில் உங்கள் பிரிண்டர் தெரிவது பாஸ்வேர்டை மாற்றுவதால் நிற்காது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஃபைபர் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் ஐபி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் முகவரி) கொடுக்கிறது, நீங்கள் வாங்கிய ரௌட்டர் வைஃபையைப் பரப்புவதோடு சரி. அப்படி இருக்கும்போது பல மாடல்களில் கெஸ்ட் என்பது வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு, அவ்வளவுதான். உள்ளே வந்துவிட்டால் விருந்தாளியின் போனும் உங்கள் பிரிண்டரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

மாற்றியதும் பிரிண்டர் மெனுவில் அதன் புது ஐபியைப் பாருங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, கெஸ்டில் சேர்ந்து, பிரவுசரில் அந்த ஐபியை அடியுங்கள். பிரிண்டரின் பக்கம் திறந்தால் கெஸ்டும் வீட்டு நெட்வொர்க்கும் இன்னும் பிரியவில்லை. போனின் ஐபியும் அதே 192.168.0 என்று தொடங்குகிறதே என்று பயப்படாதீர்கள், சில ரௌட்டர்கள் ஒரே வரிசையில் ஐபி கொடுத்துவிட்டு உள்ளுக்குள் தடுத்துவிடும். பக்கம் திறக்கிறதா என்பதுதான் கணக்கு.

ஒன்று மட்டும் கவனம். ரௌட்டர் மோடுக்குப் போனாலும், ஃபைபர் பெட்டியில் நேரடியாக வயர் போட்டிருக்கும் சிசிடிவி பெட்டி கெஸ்டில் இருப்பவருக்கு எட்டும். அந்த வயரை எடுத்து உங்கள் ரௌட்டரின் லேன் போர்ட்டில் மாட்டுங்கள். ஃபைபர் பெட்டியின் லாகின் பக்கமும் அப்படியே திறக்கும், அதனால் அதன் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் ஸ்டிக்கரில் உள்ளதுதான் என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.