தாயும் தந்தையும் பறக்கின்றன, குட்டி மட்டும் ஏன் மந்தம்?

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் விளையாடுகிறான். வேகமான இரண்டு குதிரைகளை இணைசேர்த்தும் குட்டிகள் அவற்றைவிட மெதுவாகவே ஓடுகின்றனவாம். பலர் சேர்ந்து விளையாடும் சர்வரில் ஒருவர் ‘உயர்ரகக் குதிரை’ 1,500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். குதிரையில் கோளாறு எதுவும் இல்லை. சர்வர் எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்பதுதான் விஷயம்.

கம்ப்யூட்டரில் ஓடும் ‘ஜாவா’ வகை மைன்கிராஃப்டில் பழைய கணக்கு இது: தாயின் வேகம், தந்தையின் வேகம், இவற்றோடு விளையாட்டே குருட்டாம்போக்கில் எடுக்கும் மூன்றாவது வேகம் ஒன்று. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் குட்டியின் வேகம். பெற்றோர் இரண்டும் நொடிக்கு 14 கட்டம் (விளையாட்டு உலகின் நீள அளவு) ஓடட்டும். மூன்றாவது எண் சராசரியாக ஒன்பதரை வரும். குட்டி பன்னிரண்டரையில் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 1.19.4 என்ற பதிப்பு இந்த மூன்றாவது ஆளைத் துரத்தியது. இப்போது குட்டி பெற்றோரின் சராசரியை ஒட்டிக் கொஞ்சம் கூடவோ குறையவோ பிறக்கும். அதனால் பெற்றோரை மிஞ்சும் குட்டியை வைத்துக்கொண்டு, மந்தமான பெற்றோரை ஒதுக்கிக்கொண்டே போனால் போதும். உச்சம் 14.2 கட்டம். அதைத் தொட்ட ஜோடிக்கு அதைவிட வேகமான குட்டி பிறக்காது.

“எங்களிடம் புதிய பதிப்புதான் இருக்கிறது” என்பீர்கள். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது கணக்கில் வராது. குட்டியின் வேகத்தைக் கணக்கிடுவது சர்வர். பல சர்வர்கள் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டு, புதிய பதிப்புக்காரர்களையும் உள்ளே விடுகின்றன. பையன் திரையில் புதிய பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டு பழைய விதிக்குக் குட்டி போடவைப்பான். சர்வர் நடத்துபவரிடம் நேராகக் கேளுங்கள். 1.19.4-க்கு முந்தையது என்றால் எத்தனை முறை இணைசேர்த்தாலும் இழுபறிதான்.

விளையாட்டில் குதிரைகள் வந்தது 2013-இல். இத்தனை வருஷமாகியும் வேகத்தை ஓர் எண்ணாகக் காட்ட விளையாட்டைத் தயாரிப்பவர்களுக்கு மனம் வரவில்லை. ஏறி உட்கார்ந்தால் குதிரையின் உயிர்பலத்தைக் காட்டும் இதயங்கள் தெரியும், அவ்வளவே. இடைத்தரகர்களின் பிழைப்பே இந்த மறைப்பில்தான் நடக்கிறது. நேராக 100 கட்டத்துக்குப் பாதை போட்டு ஓட்டி, கடிகாரத்தில் பாருங்கள். ஆகச் சிறந்தது ஏழு நொடியில் முடிக்கும். ஆக மோசமானதற்கு இருபத்தோரு நொடி ஆகும். அதைவிட ஆள் இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம்.

விற்பவர் காட்டும் வெள்ளை நிறமும் புள்ளியும் சுழி பார்த்து மாடு வாங்கும் கதைதான். நிறத்துக்கும் வேகத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கழுத்துக்கு மேலே மிதக்கும் பெயரும் அப்படியே; பெயர் அட்டை கையிலிருந்தால் கழுதைக்கும் ராஜா என்று பெயர் வைக்கலாம். இன்னொரு தந்திரம் மோசமானது: ஓட்டிக் காட்டுவதற்கு முன் குதிரைமேல் வேக மருந்தை வீசிவிடுவார்கள். முதல் நிலை மருந்துக்கே வேகம் 20 சதவீதம் கூடும், சில நிமிடத்தில் இறங்கிவிடும். குதிரையைச் சுற்றிக் குமிழ் குமிழாகப் பறந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அப்படியே நல்ல குதிரையாக இருந்தாலும் அது அந்தச் சர்வரோடு சரி. சர்வரை மூடினால் குதிரையும் போச்சு, பணமும் போச்சு.

இணைசேர்க்கக் குதிரைக்கு ஊட்டக் கோல்டன் ஆப்பிள் வேண்டும் என்று ஒரு கும்பல் அதையும் விற்கிறது. ஒன்று செய்ய எட்டுத் தங்கக் கட்டி. கோல்டன் கேரட்டுக்குச் சாதாரணக் கேரட்டோடு எட்டுத் தங்கத் துணுக்கு போதும். ஒன்பது துணுக்கு சேர்ந்தால்தான் ஒரு கட்டியே. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். பழக்கிய ஜோடிக்கு ஆளுக்கொரு கோல்டன் கேரட், அடுத்த முறைக்கு ஐந்து நிமிட இடைவெளி, குட்டி வளர இருபது நிமிடம். பையன் தோட்டம் போட்டுக் கேரட் விளைவிக்கட்டும்.

‘குதிரையை உன் கணக்கில் ஏற்றிவிட பாஸ்வேர்டு வேண்டும்’ என்று அந்த ஆள் கேட்டாரா என்று பையனிடம் விசாரியுங்கள். குதிரையைக் கைமாற்ற அது தேவையே இல்லை. கொடுத்துவிட்டான் என்றால் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.