கடன் என் பெயரில், முடிவு கணவர் கையில்

கேள்வி: பல ஆண்டுகளாக மகளிர் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். என் பெயரில் வாங்கிய கடன்களுக்குத் தவணை தவறாமல் கட்டியிருக்கிறேன். ஆனால், பணத்தை என்ன செய்வதென்று கணவரே தீர்மானிக்கிறார். மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதில்கூட என்னைக் கேட்கவில்லை. கடன் கிடைத்தால் பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உயரும் என்பது உண்மைதானா?
– வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: கடனால் மட்டும் உயர்வதில்லை, சகோதரி. வங்கதேசத்துக் கடன் திட்டங்களை ஆராய்ந்து ஆன் மேரி கெட்ஸ், ரீனா சென் குப்தா இருவரும் 1996இல் வெளியிட்ட கட்டுரை, பெண்கள் பெயரில் கொடுக்கப்பட்ட கடன்களில் கணிசமானவற்றை வீட்டு ஆண்களே கையாண்டதையும், திருப்பிக் கட்டும் பொறுப்பு பெண்கள் தலையில் விழுந்ததையும் எடுத்துக்காட்டியது. ஐதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கு மட்டும் முதலில் நுண்கடன் வழங்கச் செய்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானோர் நடத்திய ஆய்விலும், சிலர் தொழிலை விரிவுபடுத்தியது தெரிந்ததே தவிர, குடும்ப முடிவுகளில் பெண்களின் பங்கு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இதனால் குழுவே வீண் என்று நான் சொல்லமாட்டேன். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தங்கள் மாவட்டத்தில்தான் தமிழக அரசின் மகளிர் குழுத் திட்டம் தொடங்கியது. சிறுகச் சேமிப்பது, கூட்டத்தில் எழுந்து பேசுவது, வங்கிக்குத் தானே சென்று கணக்குப் பார்ப்பது ஆகிய பழக்கங்களே குழு தருகிற உண்மையான பலம் என்பது என் உறுதியான கருத்து. மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக்கான கூலியைப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் செலுத்தி, அக்கணக்கைப் பயன்படுத்தப் பயிற்சியும் அளித்தபோது பெண்கள் வேலைக்குச் செல்வது அதிகரித்ததாக 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே அடுத்த கடனுக்கு மனு எழுதும் முன்பே, அது தாங்களே நடத்தும் எந்தத் தொழிலுக்கு என்பதைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். வரும் வருமானம் தங்கள் தனிக் கணக்கில் சேரட்டும், பாஸ்புக்கும் ஏடிஎம் அட்டையும் தங்களிடமே இருக்கட்டும். மகளின் படிப்பைப் பற்றிக் கணவரிடம் பேசும்போது, கட்டணத்தில் எவ்வளவு தங்களால் கட்ட முடியும் என்ற கணக்கோடு பேசுங்கள்.

கேள்வி: வேறொரு நிறுவனத்திலும் என் பெயரில் கடன் வாங்கச் சொல்கிறார் கணவர். மறுக்க வழி உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: தாராளமாக மறுக்கலாம், தங்கள் கையெழுத்து இல்லாமல் தங்கள் பெயரில் கடன் இல்லை. ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த நுண்கடன் விதிகளின்படி, ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதந்தோறும் கட்டும் தொகை அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கணவரையும் அருகில் அமர்த்தி, இப்போது கட்டும் தவணைகளை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அத்தொகை பாதியை நெருங்கியிருந்தால், புதிய கடனைக் கேட்கவே வேண்டாம்.