செம்பனை நானோ செல்லுலோஸ் கலந்த பிவிஏ படலம் பால்போல் வெளுப்பது ஏன்?

நீங்கள் செய்தது இது: பினாங்குக் கல்லூரி ஆய்வகத்தில், பழம் உதிர்த்த செம்பனை வெறுங்குலையிலிருந்து கந்தக அமிலத்தால் பிரித்த நானோ செல்லுலோஸை உலர்த்தித் தூளாக்கி, பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால் என்னும், நீரில் கரையும் பிளாஸ்டிக்) கரைசலில் 10 விழுக்காடு சேர்த்தீர்கள். படலம் மங்கலாகவும் இழுத்தால் பிய்வதாகவும் வந்தது.

தவறு அந்த உலர்த்தலில்தான். நானோ செல்லுலோஸ் என்பது செல்லுலோஸின் மிகச் சிறு படிகங்கள்; அவற்றின் தடிமன் ஏறத்தாழ 5 முதல் 20 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ சுமார் 400இல் தொடங்குகிறது. படிகங்கள் தனித்தனியாக இருந்தால் ஒளி பெரிதாகச் சிதறாது. ஈரம் வற்றும்போது ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன; பிறகு எவ்வளவு கலக்கினாலும் முழுதாகப் பிரியாது. மைக்ரான் அளவுக் கட்டிகள் படலத்தை மங்கலாக்குகின்றன, விரிசலும் அங்கிருந்தே கிளம்புகிறது.

ஆகவே கலக்கும்வரை நீரிலேயே வைத்திருங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அமிலம் படிகத்தின்மேல் விட்டுச்செல்லும் சல்ஃபேட் தொகுதிகளின் எதிர்மின்னூட்டம்தான் அவற்றை விலக்கி நிறுத்துகிறது; தண்ணீரிலுள்ள உப்பு அந்த விலக்கத்தைக் குலைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் டயாலிசிஸ் செய்யுங்கள், அதாவது நுண்துளைச் சவ்வுப் பையில் இட்டு அமிலம் வெளியே கசிய விடுங்கள்; பைக்கு வெளியே உள்ள நீரின் அமிலத்தன்மை நீங்கும்வரை தொடருங்கள்.

முழுதாக நீராற்பகுப்பான (fully hydrolysed) வகைப் பிவிஏ 5 கிராமை 95 கிராம் நீரில் இட்டு, 90 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் கலக்கி ஆறவிடுங்கள். 1 விழுக்காட்டு நானோ செல்லுலோஸ் நீர்மம் 25 கிராமைப் பனிக்கட்டி நீரில் வைத்து 5 நிமிடம் அல்ட்ராசோனிக் (மீயொலி) அதிர்வு கொடுத்தபின் சேருங்கள். பிவிஏ எடையில் இது 5 விழுக்காடு. முதல் முயற்சிக்கு இது போதும். மெதுவாகக் கலக்குங்கள், வேகம் கூடினால் நுரை. குமிழி அடங்க ஓரிரவு மூடி வையுங்கள்.

9 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் பெட்ரித் தட்டில் 12 கிராம் ஊற்றினால் ஏறக்குறைய 60 மைக்ரான் படலம் கிடைக்கும். தட்டு மட்டமாக இருக்கட்டும். நம்மூர் ஈரக்காற்றில் மேசைமேல் காயவிடாமல், 40 டிகிரி அடுப்பில் 24 மணி நேரம் வையுங்கள். காய்ந்தபின் சிலிக்கா ஜெல்லோடு பத்திரப்படுத்துங்கள். பிவிஏ ஈரத்தை உறிஞ்சினால் தளர்ந்து, இழுவிசை அளவு நாளுக்கு நாள் மாறும்.

மஞ்சள் நிறம் தெரிந்தால் அது பெரும்பாலும் மிஞ்சிய லிக்னின் (செடியின் நாரை இறுக்கிப் பிடிக்கும் பொருள்), அமிலத்துக்கு முன் நாரை வெளுக்கும் வேலையை இன்னொரு சுற்று செய்யுங்கள்.

ஒன்று மறக்கக்கூடாது: பிவிஏ பெரும்பாலும் பெட்ரோலியம், நிலக்கரி போன்ற புதைபடிவ மூலங்களிலிருந்துதான் வருகிறது. மக்காச்சோளம் போன்ற பயிரிலிருந்து வரும் பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) பிளாஸ்டிக்குக்கு மாறலாம். ஆனால் அதை உருக்க 180 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் சல்ஃபேட் உள்ள படிகம் பழுப்பாகிவிடும்; சோடியம் ஹைட்ராக்சைடால் முன்கூட்டியே நடுநிலையாக்கினால் கூடுதல் வெப்பம் தாங்கும்.