கொண்டை வைத்த செண்பகம் உண்டா? திருகோணமலையில் நான் பார்த்த பறவை என்ன?

இதைக் கேட்டவர் வீட்டில் “செண்பகத்தைப் பார்த்துப்போட்டுப் படம் காட்டுறார்” என்று பேச்சு வாங்கியிருப்பார். நானும் வாங்கியவன். அதனால்தான் எழுதுகிறேன்.

உப்புவெளியில் எங்கள் வளவில் ஒரு முருங்கை நிற்கிறது. கார்த்திகை மழை பிடித்தால் அடிமரம் முழுக்க மயிர்க்கொட்டி அப்பிக் கிடக்கும். நாலு வருசத்துக்கு முன்னம் விடியவே பந்தம் கட்டிக்கொண்டு கொளுத்தப் போனேன். மரத்தில் ஏற்கெனவே ஒருவர் பந்தியில் இருந்தார். மயிர்க்கொட்டிகளை ஒவ்வொன்றாய் விழுங்குகிறார். சிறகு செங்கல் நிறம், நீண்ட வால் கறுப்பு மினுக்கம். அம்மம்மா குசினி வாசலில் நின்றபடியே, “செண்பகமடா, நல்ல சகுனம்” என்று முடித்துவிட்டா.

பிறகு அது திரும்பியது. தலையில் கூரான கறுப்புக் கொண்டை, பிடரியில் வெள்ளைப் பட்டி, தொண்டையில் மங்கிய செம்மஞ்சள், வயிறு வெள்ளை. செண்பகத்துக்குக் கொண்டையும் இல்லை, வெள்ளைப் பட்டியும் இல்லை. உடம்பெல்லாம் கறுப்பு, கண் சிவப்பு. சிறகை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாறலாம், அம்மம்மாவைக் குறை சொல்லவில்லை. சுடலைக்குயிலுக்கும் கொண்டை உண்டுதான், ஆனால் அது வெறும் கறுப்பு வெள்ளை.

இது செஞ்சிறகுக் கொண்டைக்குயில். விஞ்ஞானப் பெயரில் வரும் ‘கோரமண்டஸ்’ எங்கள் எதிர்க்கரையான சோழமண்டலக் கரை. 1766இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி வைத்த பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கரையும் இதற்கு மாரிகால விடுதி மட்டும்தான். குஞ்சு பொரிப்பது இமயமலைப் பக்கமும் தென்சீனாவிலும். அங்கே சிரிப்பான் குருவிகளின் கூட்டில், அவற்றின் முட்டை போலவே நீலமாக முட்டையிட்டுவிட்டு, வளர்க்கிற வேலையை அவற்றின் தலையில் கட்டிவிடும். கூவுவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே “குரலை வைத்துக் கண்டுபிடி” என்று உங்களுக்குப் புத்தி சொல்பவர்களை விட்டுத்தள்ளுங்கள். இங்கே அது வாய் திறப்பதே அருமை.

பறவை படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், நான் கடை வைத்திருப்பவன். கண்ணால் கண்டதையும் பிறகு தேடி வாசித்ததையும்தான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் இன்னும் எரிகிறது. அன்று போனில் எடுத்த படத்தை ஒரு குழுவில் போட்டேன். ஒருத்தர் எடுத்துத் தன் பெயரைப் பொறித்து, “காட்டுக்குள் மூன்று நாள் காத்திருந்து எடுத்தது” என்று எழுதியிருந்தார். படத்தின் மூலையில் எங்கள் நீலத் தண்ணீர்த் தாங்கி அப்படியே தெரிகிறது, அதைக்கூட வெட்டவில்லை.