சின்ன படம் ஏன் சார் மங்கலா வருது? (கம்ப்யூட்டர் கேள்வி பதில்)

கேள்வி: கல்யாண போட்டோ ஸ்டூடியோ வெச்சிருக்கேன் சார். ஒரு கல்யாணத்துக்கு 4,000 படம் வரும், ஃபோல்டரை திறந்து தம்ப்நெயில், அதாவது ஒவ்வொரு போட்டோவுக்கும் வர்ற குட்டி படத்தை பாத்துதான் ஆல்பத்துக்கு பொறுக்குவேன். நான் யூஸ் பண்ற போட்டோ வியூவர்ல தம்ப்நெயில் க்வாலிட்டி 'ஹை'னு மாத்திட்டேன், அப்பவும் மங்கலாவே வருது, மேலயும் கீழயும் கருப்பா ஒரு கோடு வேற. சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சா?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: கெட்டுப்போகலைங்க, அது உங்க போட்டோவை இன்னும் திறந்தே பாக்கல, அவ்வளவுதான். கேமரா ஒவ்வொரு ஜேபெக் ஃபைலுக்குள்ளயும் எக்ஸிஃப்னு ஒரு பகுதில தேதி, லென்ஸ் விவரத்தோட சேத்து ஒரு குட்டி படத்தையும் வெச்சிடும், வழக்கமா அது 160×120 பிக்சல்தான். வியூவர் சீக்கிரம் காட்டணும்னு அதை அப்படியே எடுத்து 256 பிக்சல் கட்டத்துல இழுத்து ஒட்டுது, மங்காம என்ன செய்யும்? கருப்பு கோடும் அதுல இருந்துதான் வருது. உங்க போட்டோ 3க்கு 2 அளவு, அந்த குட்டி படம் 4க்கு 3 அளவு, 160 அகலத்துக்கு உங்க படம் 107 உயரம்தான் வரும், மீதி 13 வரியை கேமரா மேல பாதி கீழ பாதி கருப்படிச்சு நிரப்பிடுது.

செட்டிங்ஸ்ல 'எம்பெடட் தம்ப்நெயில்'னு (ஃபைலுக்குள்ள கேமரா வெச்ச அந்த குட்டி படம்தான்) ஒரு டிக் இருக்கான்னு தேடுங்க, இருந்தா எடுத்து விடுங்க. அதுக்கு அப்புறம் கேஷையும், அதாவது வியூவர் ஒரு தடவை செஞ்ச குட்டி படத்தையெல்லாம் திரும்ப காட்டறதுக்காக டிஸ்க்ல சேத்து வெச்சிருக்கறதையும் அழிக்கணும், இதைத்தான் யாரும் சொல்றதில்ல. 'ஹை'னு மாத்தினது இனிமே செய்யப்போற படத்துக்குத்தான் பொருந்தும், ஏற்கனவே செஞ்சு வெச்ச 4,000 பழைய படத்தையும் பல வியூவர் அப்படியே கேஷ்ல இருந்து எடுத்து காட்டிட்டு இருக்கும்.

கேள்வி: காலேஜ் ப்ராஜெக்டா ஒரு இமேஜ் வியூவர் எழுதிட்டு இருக்கேன் சார். தம்ப்நெயில் செட்டிங்ஸ்ல லோ, மீடியம், ஹைனு வெக்கவா, இல்ல நியரஸ்ட், பைலீனியர், லான்சோஸ்னு வெக்கவா, இல்ல 0 டு 100 ஸ்லைடரா?
(ஒரு மாணவி, கோவை)

பதில்: மூணுமே வேணாம்மா. நியரஸ்ட், பைலீனியர், லான்சோஸ் எல்லாம் படத்தை சுருக்கற கணக்கு முறைங்க. லான்சோஸ்ங்கறது ஹங்கேரில பொறந்த ஒரு கணித மேதையோட பேரு, மேல கேள்வி கேட்ட ஸ்டூடியோக்காரருக்கு அது ஏதோ மாத்திரை பேரு மாதிரி இருக்கும். 0 டு 100 ஸ்லைடரும் ஏமாத்து வேலைதான், ஜேபெக்ல 80னா எண்பது சதவீத தரம்னு அர்த்தம் இல்ல, எவ்வளவு தூக்கிப்போடணும்னு சொல்ற ஒரு நம்பர், அவ்வளவுதான். லோ மீடியம் ஹை பாக்க நல்லாருக்கு, ஆனா எதுல ஹை? படத்தை எங்கிருந்து எடுக்கறோம், எந்த சைஸ்ல செய்யறோம், எப்படி சுருக்கறோம், டிஸ்க்ல எப்படி சேமிக்கறோம்னு நாலு விஷயத்தை ஒரே வார்த்தைல அமுக்கிட்டா அவருக்கு வந்த குழப்பம்தான் எல்லாருக்கும் வரும்.

இதுல பாதியை நீயே முடிவு பண்ணிடலாம், யூசரை கேக்கவே வேணாம். நியரஸ்ட்டையே உதாரணமா பாரு, 6000 பிக்சல் அகலத்தை 256 ஆக்கும்போது அது 23 பிக்சலுக்கு ஒண்ணைத்தான் எடுக்கும், மீதியை பாக்கவே பாக்காது. பொடி கட்டம் போட்ட பட்டுப்புடவை படத்துல அப்படி பண்ணிப் பாரு, புடவைல இல்லவே இல்லாத அலை அலையான கோடெல்லாம் வரும், மாமியார் பாத்தா இது நம்ம எடுத்த புடவையே இல்லனு சண்டைக்கு வருவாங்க. அதனால பக்கத்து பிக்சலையெல்லாம் சராசரி எடுக்கற முறையை வெச்சிடு, ஆப்ஷனே தராத.

ஸ்லோ ஆயிடுமேன்னு பயப்படாத. 6000×4000 படத்தை முழுசா விரிச்சா ரேம்ல 72 எம்பி. ஆனா ஜேபெக் 8×8 பிக்சல் கட்டமா இருக்கறதால, ஜேபெக்கை திறக்கறதுக்குன்னே இருக்கற லிப்ஜேபெக்ங்கற ரெடிமேட் ப்ரோக்ராம் லைப்ரரில எட்டுல ஒரு பங்கு அளவுலயே நேரா விரிக்கலாம், 750×500 வரும், ஒரு எம்பிக்கு கொஞ்சம் மேலதான். ஃபைலை முழுசா படிச்சுத்தான் ஆகணும், ஆனாலும் கணக்கு போடற வேலை நிறைய குறையும், அங்கிருந்து 256க்கு நல்லபடியா சுருக்கிக்கோ.

யூசரை கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, சீக்கிரம் வேணுமா தெளிவா வேணுமா. அதை அப்படியே எழுது: "கேமரா வெச்ச குட்டி படம்: உடனே வரும், மங்கலா இருக்கலாம்", "முழு போட்டோல இருந்து: முதல் தடவை நேரம் ஆகும்". பக்கத்துலயே அவரோட சொந்த போட்டோ ஒண்ணை ரெண்டு விதமாவும் காட்டிடு, விளக்கமே தேவைப்படாது. மாத்தினதும் "ஏற்கனவே செஞ்ச படங்களையும் திரும்ப செய்யவா?"னு கேளு, இதை விட்டேன்னா மத்த உழைப்பெல்லாம் வீண். இன்னொண்ணு, ஸ்க்ரீன் எல்லாத்தையும் ரெண்டு மடங்காக்கி காட்டற 200 சதவீத ஸ்கேலிங்ல இருந்தா 128 கட்டத்துக்கு 256 பிக்சல் வேணும், அதை உன் ப்ரோக்ராமே பாத்துக்கணும், யூசர் தலைல கட்டாத.

கேள்வி: தம்ப்நெயில் கேஷை அழிச்சா ஒரிஜினல் போட்டோவும் போயிடுமா சார்?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: போகாதுங்க. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல ஃபோல்டருக்கு ஃபோல்டர் தம்ப்ஸ் டாட் டிபினு ஒரு ஃபைல் உக்காந்திருக்கும், விஸ்டால இருந்து விண்டோஸ் எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சிடுது, டிஸ்க் க்ளீனப்ல 'தம்ப்நெயில்ஸ்'னு டிக் போட்டு அழிக்கலாம். லினக்ஸ்ல உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள மறைஞ்சிருக்கற கேஷ் ஃபோல்டர்ல 128க்கும் 256க்கும் தனித்தனியா இருக்கும். அடுத்த தடவை ஃபோல்டரை திறக்கும்போது கொஞ்சம் நேரம் எடுத்து திரும்ப செஞ்சுக்கும். ஆனா இதுக்கு நேர்மாறா ஒண்ணு நடக்கும், ஒரிஜினலை அழிச்ச அப்புறமும் அதோட குட்டி படம் கேஷ்ல கிடக்கலாம், பழைய லேப்டாப்பை விக்கறதா இருந்தா அதையும் பாத்துக்கோங்க.